வலது செருப்பில் மட்டும் 8 மில்லிமீட்டர்: தஞ்சாவூரில் அடி உயர்த்தித் தரும் ஒரு கடை

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒரு கால் நீண்டுவிட்டவர்களுக்குச் செருப்பின் அடியை உயர்த்தித் தருபவர்கள் எங்கள் பகுதியில் எளிதில் கண்ணில் படுவதில்லை. தஞ்சாவூர் கீழவாசல் பக்கம், பெயர்ப்பலகைகூட இல்லாமல், ஒரு தையல் இயந்திரத்தையும் ஒரு சாணைச் சக்கரத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு நடக்கும் சிறு கடை ஒன்றில் என் தந்தைக்கு அப்படி ஒரு ஜோடி செய்து வாங்கினோம். ஒரு குறுவையும் ஒரு சம்பாவும் கடந்த பின்னும் அவர் அதையே அணிந்து வயலுக்குப் போய் வருவதால், அந்த வேலையைப் பற்றி இப்போது உறுதியாக எழுத முடிகிறது.

முதலில் அளவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைக்குப் போவதற்கு முன்பே முடிவாக வேண்டியது அதுதான். அப்பாவுக்கு மாற்றப்பட்டது இடது மூட்டு. மூட்டில் வைத்த புதிய பந்து, அது பொருந்தியிருக்கும் கிண்ணத்திலிருந்து நழுவாமல் இருக்கத் தசைகள் போதுமான இறுக்கத்தில் நிற்க வேண்டும் என்பதால், அறுவை செய்த கால் சில மில்லிமீட்டர் நீள்வது உண்டு. ஆனால் முதல் சில மாதங்களில் நோயாளி உணரும் நீளம் முழுவதும் எலும்பின் நீளமாக இருப்பதில்லை. பல ஆண்டுகள் வலியோடு நடந்ததில் இறுகிப்போன தசைகள் இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து வைத்திருக்கும். பயிற்சியில் அந்தச் சாய்வு குறையக் குறைய, நீண்டதாகத் தோன்றிய காலும் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். அதனால்தான் எங்கள் பிசியோதெரபிஸ்ட் ஏறத்தாழ ஆறு மாதம் வரை எந்த உயரமும் வைக்கக் கூடாது என்று தடுத்துவிட்டார். அதன் பின் இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து உள் கணுக்கால் வரை ஒரு முறையும், தொப்புளிலிருந்து அதே கணுக்கால் வரை ஒரு முறையும் நாடாவால் அளந்தார். முந்தையது எலும்பின் உண்மையான அளவைக் காட்டும், பிந்தையது இடுப்பின் சாய்வையும் சேர்த்துக் காட்டும். எக்ஸ்ரேயில் வேறுபாடு 14 மில்லிமீட்டர். வலது காலுக்கு அடியில் மெல்லிய பலகைகளை ஒவ்வொன்றாக வைத்து நிற்கச் சொன்னபோது, 10 மில்லிமீட்டரிலேயே இடுப்பு சமமாகி, அப்பாவுக்கும் நிற்பது இதமாக இருந்தது. தொடக்கத்தில் 8 போதும் என்று எழுதிக் கொடுத்தார். முழு வேறுபாட்டையும் ஒரேயடியாக ஈடு செய்தால் முதுகு அதை ஏற்றுக்கொள்ளாது என்பது அவர் சொன்ன காரணம்.

இந்தக் கடைக்கு வருமுன் இணையத்தில் கிடைக்கும் சிலிக்கான் குதிகால் பட்டை ஒன்றை வாங்கிப் பார்த்தோம். முழுதும் மூடிய ஷூ அணிகிறவர்களுக்கு, 1 சென்டிமீட்டருக்கு உட்பட்ட வேறுபாட்டுக்கு, அது பயன்படலாம். அதற்கு மேல் உள்ளே வைத்தால் குதிகால் ஷூவை விட்டு வெளியே எழும்பிவிடும். வெயிலிலும் சேற்றிலும் திறந்த செருப்போடு நடக்கும் மனிதருக்கு அதை எங்கே ஒட்டுவது? நகரத்து மருத்துவப் பொருள் கடை ஒன்றிலோ, அறுவை செய்த இடது காலுக்குத்தான் பட்டை வைக்க வேண்டும் என்று விற்பனையாளர் அடித்துப் பேசினார். நீண்ட காலை மேலும் உயர்த்தினால் என்ன ஆகும் என்று எடுத்துச் சொல்லியும் அவர் ஏற்கவில்லை. உயரம் வைக்க வேண்டியது குட்டையான காலுக்கு. அப்பாவைப் பொறுத்தவரை அது அறுவை செய்யாத வலது கால்.

கீழவாசல் கடைக்காரர் முதலில் கேட்டது மருத்துவச் சீட்டை. சீட்டு இல்லாமல் வருபவரைத் திருப்பி அனுப்பிவிடுவாராம். பிறகு அப்பாவைச் சுவரோரம் நிற்கச் சொல்லி, 8 மில்லிமீட்டர் ரப்பர்த் துண்டு ஒன்றை வலது காலுக்கு அடியில் வைத்து, "ஐயா, இப்ப எந்தக் காலு பாரமா தெரியுது?" என்று கேட்டுப் பார்த்த பின்தான் கத்தியை எடுத்தார். கால்விரல்களால் கவ்விப் பிடிக்க வேண்டிய சாதாரண ரப்பர் செருப்பு வேண்டாம், பின்வார் உள்ளதுதான் வேண்டும் என்றார். அடி உயர்ந்த செருப்பு குதிகாலிலிருந்து விலகினால் கணுக்கால் மடங்கிவிடும். வார் ஒட்டும் வகையில் இருந்ததால் அப்பா அதிகம் குனியாமல் போட்டுக்கொள்ள முடிகிறது.

வேலையின் நேர்த்தி அடியில்தான் இருக்கிறது. குதிகாலில் 8 மில்லிமீட்டர், பாதத்தின் முன்பகுதியில் ஏறத்தாழ அதில் பாதி, விரல்முனையில் இன்னும் மெலிதாகச் சீவி, முனையைச் சற்றே மேல்நோக்கி வளைத்திருக்கிறார். தடித்த அடி நடுவில் மடங்காது என்பதால், இந்த வளைவு இல்லாவிட்டால் ஒவ்வோர் அடியிலும் முனை தரையில் தட்டி இடறும். இடையில் வைத்தது ஈ.வி.ஏ. என்னும் எடை குறைந்த நுரை அட்டை; தரையைத் தொடும் அடுக்கு மட்டும் தேய்மானம் தாங்கும் ரப்பர். பாதம் படும் மேல்தளத்தில், சர்க்கரை நோயாளிகளின் செருப்பில் இடும் மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பரை இரண்டு செருப்புக்கும் ஒன்றுபோல் போட்டிருக்கிறார். இடது செருப்பின் அடி ரப்பரையும் கழற்றிவிட்டு அதே ரகத்தில் மாற்றிக் கொடுத்தார். ஒன்று வழுக்கி மற்றொன்று பிடித்தால் வரப்பில் என்ன ஆகும் என்று வயல் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. வெறும் சொல்யூஷன் வைத்து ஒட்டிய ஓரம் ஐப்பசி மழையில் வாய் பிளந்தது. காசு வாங்காமல் சுற்றிலும் தைத்துக் கொடுத்தார் என்றாலும், அதை முதலிலேயே செய்திருக்கலாம். அடியில் வெட்டிய பள்ளங்களில் நம் களிமண் ஏறிக்கொண்டு அசையாது. வாய்க்காலில் கழுவாவிட்டால் 8 மில்லிமீட்டர் 12 ஆகிவிடும், கணக்குப் போட்டது எல்லாம் வீண். கடையில் உட்காரக் கிடைப்பது ஒரு தாழ்ந்த முக்காலி மட்டுமே. இடுப்பு மூட்டு மாற்றியவர்கள், அதிலும் தொடக்க மாதங்களில், முழங்காலை விட இடுப்பு தாழும்படி அமரக் கூடாது என்பதைக் கடைக்காரர் அறிந்திருக்கவில்லை. நோயாளியை அழைத்துப் போகிறவர்கள் உயரமான மடக்கு நாற்காலி ஒன்றைக் கையோடு கொண்டு போவது நல்லது.

எந்தக் கடைக்காரரும் முழுமையாகத் தீர்க்க முடியாத சிக்கல், நம் வாசற்படியில் தொடங்குகிறது. செருப்பைக் கழற்றி வெளியே விட்ட நொடியில் அந்த உயரமும் வெளியே நின்றுவிடுகிறது. வீட்டுக்குள் நாள் முழுவதும் அப்பா பழையபடி சாய்ந்து நடந்தார், மாலையில் இடுப்பு வலி என்றார். அதனால் வீட்டுக்குள் மட்டும் அணிய, அதே அளவில் இன்னொரு ஜோடி செய்து வாங்கினோம். நடுக்கூடத்தில் செருப்பா என்று அம்மா முகம் சுளித்தது சில வாரங்களில் அடங்கிவிட்டது, சமையற்கட்டு எல்லை மட்டும் இன்னும் கண்டிப்பாகக் காக்கப்படுகிறது. கோயிலுக்கு வழி வேறு. திருவையாறு ஐயாறப்பர் கோயிலின் நீண்ட பிரகாரத்தை அப்பா இப்போது கைத்தடியோடு, இடையிடையே நின்று, ஒரு சுற்று மட்டுமே வருகிறார். ஒதுக்கி வைத்த சிலிக்கான் பட்டையைக் காலுறைக்குள் வைத்து நடந்து பார்க்கலாம் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருக்கிறார். அப்பா இன்னும் இணங்கவில்லை.

வெளியே அணியும் ஜோடிக்கு, செருப்பின் விலையும் சேர்த்து, 1,100 ரூபாய் ஆனது. வீட்டுச் செருப்புக்கு 600. பிறகு 8 என்பதை 10 ஆக்க மெல்லிய அடுக்கு ஒன்றைக் கூடுதலாக ஒட்டித் தைத்ததற்கு 100 ரூபாய்தான் வாங்கினார். 2 சென்டிமீட்டருக்கு மேல் உயரம் கேட்டால் அவர் கையை விரித்துவிடுகிறார். அந்த அளவுக்குக் கணுக்காலைத் தாங்கும் முழு ஷூ வேண்டும், செயற்கை உறுப்பு செய்பவர்களிடம் போங்கள் என்கிறார். சொன்ன நாளில் வேலை முடிந்திருக்காது என்பதால், தொலைவிலிருந்து வருகிறவர்கள் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும்.