மௌஸ்மேன் மேசை வாங்குகிறீர்களா? எலியின் பக்கவாட்டுப் படத்தைக் கேளுங்கள்

இங்கிலாந்தில் இருந்துகொண்டு 1900 முதல் 1939 வரையிலான ஓக் மரச்சாமான்களைச் சேர்க்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். யார்க்ஷயரில் உள்ள ஓர் ஏல நிறுவனம், ‘ராபர்ட் தாம்ப்சன் செய்தது, 1920கள்’ என்று பட்டியலில் போட்டு ஒரு சிறிய மேசையை எனக்கு விற்றது. மேசை தாம்ப்சன் பட்டறையில் செய்ததே இல்லை. அவர் இறந்து பல வருடம் கழித்து வேறு யாரோ செய்த மேசையில், பிறகு ஒரு சுண்டெலியை ஒட்டியிருக்கிறார்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் ஏமாற்று எப்படி நடந்தது என்பதை ஒன்று விடாமல் சொல்கிறேன், அடுத்த ஆள் மாட்டக் கூடாது.

தாம்ப்சனைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. வட யார்க்ஷயரில் கில்பர்ன் என்ற சின்னக் கிராமத்துத் தச்சர் அவர் (1876–1955). ரிப்பன் கதீட்ரலில் இருக்கும் 15ஆம் நூற்றாண்டு மரச்செதுக்கு வேலைகளைப் பார்த்து மனம் பறிகொடுத்தவர். இயந்திரத்தில் இழைத்த வழவழப்பு வேண்டாம் என்று சொல்லி, பழங்காலத் தச்சர்கள் போல வாச்சி என்ற கைக்கருவியால் செதுக்கும் முறைக்கே திரும்பினார். அதனால்தான் அவருடைய மேசைப் பலகை மேல் கையை ஓட்டினால் லேசான அலை அலையாக இருக்கும். ஆம்பிள்ஃபோர்த் மடத்துக்கும் பள்ளிக்கும் அவர் செய்து கொடுத்த வேலைகள்தான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தன.

எலி வந்த கதை இதுதான். 1919 வாக்கில் ஒரு தேவாலய வேலையில் இருந்தபோது, கூட வேலை செய்த ஒருவர் நாமெல்லாம் சர்ச் எலி மாதிரி பரம ஏழைகள் என்று சொல்லியிருக்கிறார். தாம்ப்சன் உடனே அங்கேயே ஓர் எலியைச் செதுக்கினார். அதுவே அவருடைய முத்திரை ஆனது, மௌஸ்மேன் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. கில்பர்ன் பட்டறை இன்றைக்கும் அவருடைய குடும்பத்தார் கையில்தான் நடக்கிறது, இன்றைக்கும் எலி செதுக்குகிறார்கள்.

விலை விஷயம் இங்கேதான் வருகிறது. எலி இருந்தால் மட்டும் போதாது, எந்தக் காலத்து எலி என்பதும் முக்கியம். ஆரம்பகால எலிகளுக்கு முன்னங்கால்கள் உண்டு. அவை எளிதில் உடைந்துவிடுவதால் 1930 வாக்கில் அவற்றைச் செதுக்குவதை நிறுத்திவிட்டார். ஆகவே முன்னங்கால் உள்ள எலி என்றால் 1920கள் என்று எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள், விலையும் ஏறும். சேகரிப்பாளர்களுக்குத் தெரிந்த இந்தச் செய்தி போலி செய்பவர்களுக்கும் நன்றாகத் தெரியும்.

என் மேசைக்கு வருகிறேன். எண்கோணக் கால்கள், வாச்சி வேலை செய்த பலகை, கருத்த நிறம், ஒரு காலில் ஏறிப் போகும் எலி, அதற்கு அழகாக இரண்டு முன்னங்கால்கள். பட்டியல் படங்களில் எலியை நேருக்கு நேராக மட்டும் எடுத்திருந்தார்கள். மஞ்சள் விளக்கு வெளிச்சம் வேறு. நான் ஏலத்துக்கு முன்பே மின்னஞ்சல் அனுப்பி இரண்டு விஷயம் கேட்டேன்: எலி அந்தக் காலின் மரத்திலிருந்தே செதுக்கியதா, பக்கவாட்டில் ஒரு படம் தர முடியுமா என்று. எழுத்தில் பதில் வரவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டார்கள். “காலோடு சேர்ந்த எலிதான், எங்கள் நிபுணர் பார்த்துவிட்டார், ஒரு சந்தேகமும் வேண்டாம்” என்று அந்த அம்மணி அடித்துச் சொன்னார். படம் அனுப்புகிறேன் என்றார், அனுப்பவில்லை.

சுத்தியல் விழுந்தது 2,400 பவுண்டில். அதன் மேல் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குத் தரும் கட்டணமான பையர்ஸ் பிரீமியம் 25 சதவீதம், அந்த பிரீமியத்துக்கு 20 சதவீதம் வாட் வரி. மொத்தம் 3,120 பவுண்டு, லாரிக் கூலி தனி. வங்கிப் பரிமாற்றம் மட்டும்தான் ஏற்போம் என்றார்கள்.

மேசை வீட்டுக்கு வந்ததும் லண்டன் ஹாரோவில் மரச்சாமான் பழுது பார்க்கும் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இந்த ஊர் ஓக் மரத்தோடு வருடக்கணக்காகப் பழகியவர். நான் எலியைக் காட்டப் போக, “தம்பி, எலியை விடும். அது ஏறி நிற்கிற காலைப் பாரும்” என்றார்.

டார்ச்சைக் காலோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தார். தாம்ப்சன் பட்டறையில் காலும் எலியும் ஒரே கட்டை. எலி வரவேண்டிய இடத்தில் மரத்தைக் கொஞ்சம் புடைப்பாக விட்டுவைத்து, அதிலிருந்து எலியை எடுப்பார்கள். ஆகவே காலில் மேலிருந்து கீழாக ஓடும் ரேகை எலியின் முதுகிலும் வயிற்றிலும் அப்படியே தொடர்ந்து ஓட வேண்டும். இங்கே காலின் ரேகை நேராக ஓடுகிறது, எலியின் ரேகை சாய்ந்து குறுக்கே போகிறது. எலியின் வயிற்றுக்கு அடியில் நகத்தை வைத்தால் மயிரிழை போல ஓர் இடைவெளி. அதற்குள் மெழுகைத் திணித்து அடைத்திருந்தார்கள். குண்டூசி நுனியால் சுரண்டியதும் மெழுகு உதிர்ந்து, உள்ளே கண்ணாடி போன்ற பசை தெரிந்தது. “ஒட்டினது தம்பி. வடிவா ஒட்டியிருக்கிறாங்கள்” என்றார் அண்ணர்.

நிறமும் பொய். அந்தக் காலத்தில் ஓக்கை அம்மோனியா ஆவியில் வைத்துக் கருக்க வைப்பார்கள். ஓக்கில் உள்ள டானின் அம்மோனியாவோடு வினைபுரிவதால் நிறம் மரத்துக்குள்ளேயே இறங்கும். மேசைப் பலகையின் அடிப்பக்கம் கண்ணில் படாத மூலையில் லேசாகச் சுரண்டினால் உள்ளேயும் பழுப்பாகத்தான் இருக்க வேண்டும். என் மேசையில் ஒரு மெல்லிய படலம் போனதும் வைக்கோல் நிறத்தில் மரம் தெரிந்தது. மேலே பூசியது வெறும் சாயம். அப்புறம் பலகையைச் சட்டத்தோடு பிடித்து நிறுத்திய திருகாணிகள். தலையில் சிலுவை வெட்டும், அதன் இடுக்குகளில் நாலு சின்னக் கோடுகளும் இருந்தன. அது பாசிட்ரைவ் திருகாணி. 1960களில்தான் அந்த வகையே வந்தது. பிறகு யாரோ பழுது பார்த்தபோது மாற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மாற்றியிருந்தால் பக்கத்தில் பழைய துளைகள் இருக்கும், அல்லது துளை பெரிதாகி இருக்கும். இங்கே ஒவ்வொரு துளையும் அந்தத் திருகாணிக்கென்றே போட்ட துளை.

இதுவரை சொன்னது பணம் போன கதை. எனக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது அடுத்துப் பார்த்த விஷயத்தில்தான். எலி இருக்கும் காலுக்கு எதிர்க் காலில், உள்பக்கமாக, எண்கோணத்தின் ஒரு முகம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு மற்ற முகங்களைவிடச் சற்றுப் பள்ளமாக இருந்தது. தடவினால்தான் தெரியும். மற்ற இடமெல்லாம் வாச்சித் தடம் ஒரே திசையில் போக, அந்த ஒரு கை அகலத்தில் மட்டும் உளியால் குறுக்கே சீவியிருந்தார்கள். சாயமும் அங்கே வேறு மாதிரி ஏறியிருந்தது. அங்கே முன்பு ஏதோ ஒன்று புடைப்பாக இருந்திருக்கிறது, அதைச் சீவி எடுத்திருக்கிறார்கள்.

யார்க்ஷயரில் தாம்ப்சனைப் பார்த்தும், அவருடைய பட்டறையில் பயின்றும் எழுந்த தச்சர்கள் பலர். ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு சின்ன உருவம் வைத்துக்கொண்டார்கள். தாமஸ் விட்டேக்கர் குள்ள உருவம் ஒன்றைச் செதுக்கி நோம்மேன் என்று பெயர் எடுத்தார், வில்ஃப் ஹட்சின்சன் அணில் செதுக்கினார். இன்னும் பலர் உண்டு. என் மேசையைச் செய்தவரும் அந்த வழியில் வந்த ஒருவர்தான் என்பதில் அண்ணருக்கும் சந்தேகமில்லை. பலகையின் வாச்சி வேலை நிஜம், மூட்டுகளில் கழுந்தும் துளையும் பிசிறில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன, மர ஆணிகள் கையால் சீவியவை. கட்டையின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஆரவாக்கில் அறுத்த ஓக்கில் வரும் வெள்ளிக் கீற்றுகள் பலகை முழுக்க மின்னுகின்றன. நல்ல தச்சர் ஒருவர் தன் பெயருக்குப் பதிலாகத் தன் முத்திரையை வைத்து அனுப்பிய மேசை இது. எலிக்கு நாலு பவுண்டு கூடக் கிடைக்கும் என்பதற்காக அந்த முத்திரையை உளியால் வழித்துவிட்டார்கள். இனி அதைச் செய்தவர் யார் என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இதை வெறும் வியாபாரத் தில்லுமுல்லு என்று என்னால் விட முடியவில்லை. அந்த மனிதருடைய வேலையைத் திருடியிருக்கிறார்கள்.

படங்கள் எல்லாம் எடுத்து, அண்ணரிடம் எழுத்தில் ஓர் அறிக்கையும் வாங்கி நிறுவனத்துக்கு அனுப்பினேன். முதல் பதில்: பட்டியலில் இருப்பது ‘எங்கள் கருத்து’ மட்டுமே. இரண்டாவது பதில்: ஏலத்தன்று காலையில் ‘எலி பின்னாளில் சேர்த்ததாக இருக்கலாம்’ என்று கூடத்தில் அறிவித்துவிட்டோம். நான் இணையம் வழியாக ஏலம் கேட்டேன். மேசைக்கான இணையப் பக்கத்தை, அதாவது லாட் பக்கத்தை, ஏலம் முடிகிற வரைக்கும் திறந்துதான் வைத்திருந்தேன், அப்படி ஒரு வரியும் அதில் இல்லை. இப்போது போய்ப் பார்த்தால் இருக்கிறது. நான் அன்றே எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பிய பிறகு அந்தப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். தொலைபேசியில் சொன்னது பற்றிக் கேட்டால், அப்படி யாரும் சொன்னதாகப் பதிவு இல்லையாம்.

மூன்றாவதாக ஒரு சமாதானம் சொன்னார்கள், அதுதான் உச்சம். மேசையைத் திருப்பி அனுப்புங்கள், அடுத்த ஏலத்தில் அதே விவரத்தோடு போட்டு விற்றுத் தருகிறோம், கமிஷனில் சலுகை தருகிறோம் என்றார்கள். போலி என்று எழுத்தில் காட்டிய பிறகு, அதே பொய்யை இன்னொருவர் தலையில் கட்டி என் பணத்தை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். மாட்டேன் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பு வழியாக, வியாபார முறைகேடுகளைக் கவனிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் துறைக்குப் புகாரைப் பதிவு செய்தேன்.

இந்த இடத்தில் சட்டம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடைக்காரரிடமோ வியாபாரியிடமோ இணையத்தில் வாங்கினால், பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் நேரில் போய்க் கலந்துகொள்ள வழியுள்ள பொது ஏலத்துக்கு அந்த உரிமை கிடையாது, நீங்கள் வீட்டில் இருந்தபடி கேட்டிருந்தாலும் சரி. 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் பழைய பொருள்களுக்குத் தரும் பாதுகாப்பில் பெரும்பகுதியும் அங்கே செல்லாது. அப்போது முதலில் பார்க்க வேண்டியது ஏல நிறுவனத்தின் நிபந்தனைகளில் வழக்கமாக இருக்கும் போலி பற்றிய பிரிவை. எத்தனை நாளுக்குள், என்ன ஆதாரத்தோடு போலி என்று காட்டினால் பணம் திரும்பும் என்று அதில் இருக்கும். என் விஷயத்தில் அவர்கள் வாதம், மேசை நிஜமான மேசை, எலி மட்டும்தான் சேர்க்கை, ஆகவே அது போலி ஆகாது என்பது. 1920கள், தாம்ப்சன் என்று அவர்களே போட்டிருக்கும்போது இந்த வாதம் எப்படி நிற்கும்? அதைத்தான் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிரீமியத்தை மட்டும் திருப்பித் தருவதாக இறங்கி வந்திருக்கிறார்கள். முழுப் பணமும் வராமல் விடுவதாக இல்லை.

வியாபாரியிடம் வாங்குவதாக இருந்தால் கிரெடிட் கார்டில் வாங்குங்கள். 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையிலான பொருளுக்கு 1974ஆம் வருட நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி கார்டு வங்கியும் பொறுப்பு.

எலி மட்டும்தான் ஆபத்து என்று நினைத்துவிடாதீர்கள். பிராட்வே ஊரில் கார்டன் ரஸ்ஸல் என்ற மரச்சாமான் வடிவமைப்பாளர் பட்டறை நடத்தியபோது சாமானுக்குள் ஒரு காகித லேபிள் ஒட்டுவார்கள். வடிவமைத்தவர், மேஸ்திரி, செய்த தச்சர், மரத்தின் பெயர் எல்லாம் அதில் இருக்கும். எவ்வளவு நேர்மையான பழக்கம்! உடைந்த சாமானிலிருந்து அந்த லேபிளைப் பெயர்த்து வேறொன்றில் ஒட்டுகிறவர்களும் உண்டு. லேபிளில் எழுதிய மரமும் கண்ணெதிரே இருக்கும் மரமும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். லேபிளின் ஓரம் தூக்கியிருந்தால் அடியில் பாருங்கள், பல வருடம் மூடியிருந்த மரம் சுற்றியுள்ள மரத்திலிருந்து நிறத்தில் வேறுபட்டிருக்கலாம். எர்னஸ்ட் கிம்சன் என்ற இன்னொரு மரச்சாமான் வடிவமைப்பாளரின் வேலைகளிலோ பொதுவாக முத்திரையே கிடையாது. அங்கே முத்திரை காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

முடிந்தால் வாங்குவதற்கு முன் கில்பர்னுக்கு ஒரு முறை போய் வாருங்கள். அந்த ஊர் தேவாலயத்திலேயே தாம்ப்சன் வேலை இருக்கிறது. நிஜ எலியின் வயிற்றுக்குக் கீழே ரேகை எப்படித் தொடர்கிறது என்று பக்கத்தில் நின்று பார்த்துவிட்டால், பிறகு படத்திலேயே வித்தியாசம் பிடிபடும். அப்புறம், எதைக் கேட்டாலும் மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலையும் மின்னஞ்சலில்தான் வாங்குங்கள். தொலைபேசியில் சொல்லிவிட்டால், “நீங்கள் சொன்னது இதுதானே, உறுதி செய்யுங்கள்” என்று நீங்களே எழுதி அனுப்புங்கள். லாட் பக்கத்தை ஏலம் தொடங்கும் முன்பும் முடிந்த உடனேயும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அதே நிறுவனத்தின் அடுத்த பட்டியல் வந்துவிட்டது. அதில் ‘தாம்ப்சன், 1920கள்’ என்று போட்டு ஒரு ஸ்டூல் இருக்கிறது. முன்னங்கால் வைத்த எலி, நேர்ப்படம் மட்டும், மஞ்சள் விளக்கு வெளிச்சம். நானும் இன்னும் இரண்டு சேகரிப்பாளர்களும் பக்கவாட்டுப் படம் கேட்டுத் தனித்தனியாக எழுதியிருக்கிறோம், டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கும் நகல் போயிருக்கிறது. இந்த மாதம் யார்க்ஷயர் ஏலம் எதிலாவது மௌஸ்மேன் ஸ்டூலுக்குக் கை தூக்க நினைப்பவர்கள் அதற்கு முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், என்னிடம் உள்ள படங்களை எல்லாம் அனுப்பி வைக்கிறேன்.