கட்டிலுக்குக் கம்பி போட்டால் முதியோர் பிரிவா?

திருகோணமலையில் வயதானவர்களை வீட்டில் வைத்திருப்பவர்கள் இதை வாசியுங்கள். எங்கள் அம்மம்மாவுக்கு வயது 84. சிறுநீர்க் கிருமித்தொற்றோடு காய்ச்சல். அரசாங்க வைத்தியசாலையில் நெரிசல் என்று நான்தான், ‘முதியோர் விசேட பராமரிப்புப் பிரிவு’ என்று பதாகை கட்டியிருந்த ஒரு தனியார் இடத்துக்கு உப்புவெளியிலிருந்து ஆட்டோவில் கொண்டுபோனேன். முற்பணம் 60,000 ரூபா. முதியோர் மருத்துவம் படித்தவர் பார்ப்பார், தினமும் நடைப்பயிற்சி உண்டு என்றார்கள்.

தானாகவே கழிப்பறைக்குப் போன மனுஷிக்கு முதல் நாளே சிறுநீர்க் குழாய் போட்டார்கள். கிருமித்தொற்றோடு வந்தவருக்குக் கிருமி ஏற இன்னொரு வழி! விழுந்துவிடுவாராம், கட்டிலின் இரு பக்கமும் கம்பி. தொலைந்துவிடுமாம், கண்ணாடியும் காதுக் கருவியும் லாச்சிக்குள். இரவில் யாரையோ கூப்பிட்டாராம், தூக்க மாத்திரை.

மூன்றாம் நாள் என்னைத் தன் தம்பி என்று நினைத்து, “தோணி வந்துவிட்டதா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பத் தூங்கிவிட்டார்.

தாதியிடம் கேட்டேன்: “மிஸ், காய்ச்சலோடு வந்தபோதுகூடத் தெளிவாகப் பேசினாரே?”

“வயது போனால் அப்படித்தான் தம்பி. இப்போது அமைதியாகத்தானே இருக்கிறார்.”

அது அமைதி இல்லை. திடீரென்று வரும் இந்தக் குழப்பம் மறதி நோயும் இல்லை. கிருமித்தொற்று, மருந்து, நீர்ச்சத்துக் குறைவு, காதும் கண்ணும் அடைபட்டுக் கிடப்பது எல்லாம் சேர்ந்து கொண்டுவருவது. காரணத்தை நீக்கினால் பெரும்பாலும் தெளியும். சிலர் கத்துவார்கள், சிலர் இப்படிச் சுருண்டு தூங்குவார்கள். தூங்குபவரால் தொல்லை இல்லை என்பதால் ஒருவரும் கவனிப்பதில்லை.

ஐந்தாம் நாள் போர்வையை விலக்கினேன். குதிகாலில் படுக்கைப் புண். அன்றே அரசாங்க வைத்தியசாலைக்கு மாற்றினோம். நெரிசல்தான், மறுக்கவில்லை. ஆனால் விடுதி வைத்தியர் முதலில் கேட்டது, “இவருடைய கண்ணாடி எங்கே?” குழாயைக் கழற்றி, மறுநாளே கதிரையில் இருத்தினார்கள்.

சுவரில் தொங்கிய பதிவுச் சான்றிதழைப் பார்த்துத்தான் நானும் மயங்கினேன். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் மருத்துவ நிலையம் பதிய வேண்டும். பதிந்தது நிலையம், பதாகை அல்ல. பணம் கட்டுமுன் அந்த முதியோர் வைத்தியரின் பெயரையும் வரும் நாளையும் கேளுங்கள். குழாய் எதற்கு, எப்போது கழற்றுவீர்கள், கட்டிலை விட்டு யார் இறக்கி நடத்துவார் என்றும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் ஆட்டோவை அனுப்பிவிடாதீர்கள்.

பற்றுச்சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன்படி அம்மம்மா ஐந்து நாளும் நடைப்பயிற்சி செய்திருக்கிறார்.