பழைய பிளக்-இன் ஹைப்ரிட்டுக்கு வீட்டு சார்ஜிங்: பவர் பிளக்கா, நீல சாக்கெட்டா, வால் பாக்ஸா?

ஆறேழு வருஷம் ஓடிய பிளக்-இன் ஹைப்ரிட் கார் (பெட்ரோலிலும், வீட்டில் சார்ஜ் ஏற்றும் பேட்டரியிலும் ஓடுவது) வீட்டில் சார்ஜ் ஏற மறுத்தால், "ஒரு வால் பாக்ஸ் மாட்டிடுங்க, சரியாயிடும்" என்ற யோசனைதான் முதலில் வரும். வால் பாக்ஸ் என்பது சுவரில் நிரந்தரமாகப் பொருத்தும் சார்ஜிங் பெட்டி. பல வீடுகளில் அது வீண் செலவு. அந்தத் தலைமுறைக் கார்களின் ஆன்போர்டு சார்ஜர், அதாவது காருக்குள்ளேயே இருக்கும் சார்ஜர், பெரும்பாலும் 3.3 முதல் 3.7 கிலோவாட் வரைதான் வாங்கும். சுவரில் 7.4 கிலோவாட் பெட்டி இருந்தாலும் கார் எடுப்பது 16 ஆம்பியர்தான். பேட்டரியும் சிறியது. நிரம்ப 10 யூனிட் தேவை என்று வைத்தால் 10 ஆம்பியரில் நாலரை மணி நேரம், 16 ஆம்பியரில் மூன்று மணி நேரத்துக்குள். ராத்திரி முழுக்க ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு இது பெரிய வித்தியாசம் இல்லை. எனவே வேகத்தை விட்டுவிட்டு, எது சூடாகாமல், ஷாக் அடிக்காமல், கன்னியாகுமரி மாவட்டத்தின் உப்புக்காற்றையும் இரண்டு மழைக்காலத்தையும் தாங்கும் என்றுதான் பார்க்க வேண்டும்.

அதற்கு முன், பழுது காரிலா வீட்டிலா என்று தெரிய வேண்டும். சார்ஜ் எப்போது நிற்கிறது என்று கவனித்தாலே நிறைய விளங்கும். சொருகியதுமே சார்ஜிங் கேபிளோடு உள்ள சிறு பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் முதல் சந்தேகம் எர்த். அரை மணி நேரம் ஏறிவிட்டு நின்றால் பிளக் சூடு. தினமும் மாலை ஏழு மணிக்கு மேல் மட்டும் நின்றால் லோ வோல்டேஜ். மழைக்கோ கார் கழுவியதற்கோ பிறகு ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தால் காரின் சார்ஜிங் வாயில் ஈரம். அங்குள்ள வடிகால் துளையில் மண் அடைத்திருக்கும், காற்றடித்துச் சுத்தம் செய்தால் போதும். சொருகியும் கார் கண்டுகொள்ளவில்லை, பூட்டு மோட்டார் மட்டும் டிக் டிக் என்கிறது என்றால் 12 வோல்ட் பேட்டரியைப் பாருங்கள். கார் சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு 12.6 வோல்ட் இருக்க வேண்டும், 12.2-க்குக் கீழே போனால் பேட்டரியில் சார்ஜ் இறங்கியிருக்கிறது, சார்ஜ் ஏற்றியும் நிற்கவில்லை என்றால் மாற்ற வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லையா? பழைய உரிமையாளர் வைத்த சார்ஜ் டைமர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம்.

நல்ல எர்த் உள்ள வேறு வீட்டில் இதே கேபிளைப் போட்டு ஏறினால், குற்றம் உங்கள் லைனில்.

இனி மூன்று வழிகள்.

ஏற்கனவே உள்ள 16 ஆம்பியர் பவர் பிளக்கைச் சரிசெய்வது செலவு குறைந்த வழி. அயர்ன் பாக்ஸுக்கும் மோட்டருக்கும் போட்ட பாயிண்ட் பத்து நிமிஷ லோடுக்குத் தாங்கும், மணிக்கணக்கில் தாங்காது. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற கரையோர வீடுகளில் பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். தொடர்பில் வெறும் 0.1 ஓம் கூடினாலே 16 ஆம்பியரில் 25 வாட்டுக்கு மேல் சூடு அந்த ஒரு புள்ளியில் இறங்கும். அதே இடத்தில் 10 ஆம்பியர் ஓடினால் சூடு 10 வாட்தான். எனவே இந்த வழியில் போகிறவர்கள் சாக்கெட்டைப் புதிதாக மாற்றி, கரண்டை 10 ஆம்பியருக்கு மேல் போகாமல் வைக்க வேண்டும். அரை மணி கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியவில்லை என்றால் அன்றே நிறுத்திவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். இன்வெர்ட்டர் லைனில் உள்ள பாயிண்டும் ஆகாது.

நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட்டில் முனைகள் தடிமனாக, இறுக்கமாகப் பிடிக்கும், மூடியும் உண்டு. கரையோரத்துக்கு இது தெளிவாக மேல். ஆனால் ஒரு சிக்கல். காரோடு வந்த கேபிளின் மூன்று முள் பிளக்குக்குள் பெரும்பாலும் சூடு பார்க்கும் சென்சார் இருக்கும். அதை வெட்டி நீல பிளக் மாட்டினால் சென்சார் போய்விடும். பெட்டி ஃபால்ட் காட்டும், காட்டாவிட்டால் இன்னும் ஆபத்து. நீல பிளக்கோடு வரும், ஆம்பியர் மாற்றக்கூடிய வேறு போர்ட்டபிள் சார்ஜர் வாங்க வேண்டும். 13 ஆம்பியரில் வைத்தால் 3 கிலோவாட். பழைய காருக்கு இது தாராளம்.

வால் பாக்ஸ் மூன்றில் விலை அதிகம். பிளக் முனையே இல்லாததால் களிம்புத் தொல்லை குறைவு, பல மாடல்களில் 6 மில்லிஆம்பியர் டி.சி. (ஒரே திசையில் ஓடும் கரண்ட்) கசிவைக் கண்டுபிடிக்கும் பாதுகாப்பும் உள்ளேயே இருக்கும். போர்ட்டபிள் கேபிள் செத்துவிட்டது, கார் போர்ச் திறந்த வெளியில் இருக்கிறது, அடுத்து முழு மின்சாரக் கார் வாங்கும் எண்ணமும் உண்டு என்றால் இதுவே சரி. அப்போது 6 சதுர மி.மீ. செம்புக் கம்பி, 40 ஆம்பியர் எம்.சி.பி. (லோடு மீறினால் விழும் சுவிட்ச்) என்று இப்போதே இழுத்துவிடலாம். சேங்ஷன் லோடு (உங்கள் இணைப்புக்கு அனுமதித்த கிலோவாட்) போதுமா என்று முதலில் கரண்ட் ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதைத் தேர்ந்தாலும் மீட்டர் போர்டிலிருந்து தனி லைன் கட்டாயம், பணத்தை முதலில் இங்கேதான் போட வேண்டும். தென்னந்தோப்புக்குள் இருக்கும் வீடுகளில் ஷெட் தள்ளி இருக்கும். 30 மீட்டர் தூரத்துக்கு, போக வர 60 மீட்டர் கம்பியில், 16 ஆம்பியர் ஓடினால் 1.5 சதுர மி.மீ. கம்பி 11 வோல்ட்டுக்கு மேல் தின்றுவிடும், 2.5-இல் 7 வோல்ட். 4-இல் நாலரை வோல்ட்கூட இல்லை. 16 ஆம்பியர் வரைக்கும் 4 சதுர மி.மீ. போடுங்கள். ஆர்.சி.சி.பி. 30 மில்லிஆம்பியர், ஏ-டைப் ஆக இருக்கட்டும். பழைய வீடுகளில் உள்ள ஏ.சி.-டைப், டி.சி. கசிவு வந்தால் விழ வேண்டிய நேரத்தில் விழாமல் போகலாம்.

எர்த் விஷயத்தில் மல்டிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் 230 காட்டும், ஆனால் லோடு கொடுத்தால் எர்த் படுத்துவிடும். வயர்மேனிடம் எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 5 ஓமுக்குள் இருந்தால் நல்லது. கல்குளம், விளவங்கோடு பக்கத்து மேட்டு நிலங்களில் சரல் மண் கோடையில் காய்ந்து எர்த் பலவீனமாகும். கரையோர மணலில் ஜி.ஐ. பைப் துருவேறித் தின்னப்படும். செம்பு பூசிய 3 மீட்டர் ராடு அடித்து, சுற்றிலும் பெண்டோனைட் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் களிமண்) கலவை போடுங்கள். போதவில்லை என்றால் 3 மீட்டர் தள்ளி இன்னொன்று அடித்து இரண்டையும் இணையுங்கள். சிரட்டைக்கரியும் உப்பும் போட்ட பழைய குழி என்றால் கோடையில் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். சிவப்பு விளக்கை அணைக்க சாக்கெட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து யாரையும் அதைச் செய்ய விடாதீர்கள். வழியில் நியூட்ரல் அறுந்தால் காரின் உடம்பு முழுக்க மின்சாரம் வரும், கதவைத் தொடுவது பிள்ளைகளாகக்கூட இருக்கலாம்.

லோ வோல்டேஜுக்கு ஸ்டெபிலைசரா, கரண்டைக் குறைப்பதா? 190 வோல்ட் வரும் லைனில் ஸ்டெபிலைசர் 230 ஆக்கி 16 ஆம்பியர் கொடுக்க, உள்ளே 19 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வோல்டேஜ் இன்னும் சரியும், கம்பி இன்னும் சூடாகும். 6 அல்லது 8 ஆம்பியரில் வைத்து இரவு பதினொன்றுக்கு மேல் சார்ஜ் தொடங்க டைமர் போடுவது செலவில்லாத, மேலான வழி. 6 ஆம்பியரிலும் ஏழரை மணி நேரத்தில் 10 யூனிட் ஏறிவிடும்.

ஐப்பசி, சித்திரை மாதங்களின் இடி மின்னலுக்கு மீட்டர் போர்டில் சர்ஜ் புரொடெக்டர் (திடீர் வோல்டேஜ் ஏற்றத்தைத் தடுக்கும் கருவி) ஒன்று சேர்த்துவிடுங்கள். அது இருந்தாலும், மேகம் கறுத்து இடி தொடங்குமுன் கேபிளைக் காரிலிருந்து கழற்றிவிடுவது நல்லது. ஆன்போர்டு சார்ஜர் எரிந்தால் அந்தச் செலவில் மேலே சொன்ன மூன்று வழிகளும் அடங்கிவிடும்.