சாக்ரமென்டோவின் சட்டர் ஹெல்த் பார்க்: பெரிய லீக் பேஸ்பாலை இந்த ஊர் தாங்குமா?

கலிபோர்னியாவின் தலைநகரம் சாக்ரமென்டோ. சாக்ரமென்டோ ஆற்றின் மேற்குக் கரையில், மேற்கு சாக்ரமென்டோ நகர எல்லைக்குள் இருக்கிறது சட்டர் ஹெல்த் பார்க். 2000இல் ரேலி ஃபீல்டு என்ற பெயரில் திறந்த மைதானம் இது. அமெரிக்காவின் உச்சப் பேஸ்பால் போட்டியான மேஜர் லீகுக்கு ஒரு படி கீழே உள்ள ட்ரிபிள்-ஏ ஆட்டங்களுக்காக, ரிவர் கேட்ஸ் அணிக்கென்று கட்டினார்கள். 2025 முதல் ஓக்லாந்தை விட்டு வந்த மேஜர் லீக் அணியான அத்லெடிக்ஸும் இங்கேதான் ஆடுகிறது. ஒப்பந்தம் 2027 வரை; தேவைப்பட்டால் 2028க்கும் நீட்டிக்கலாம். அதன் பிறகு லாஸ் வேகாஸில் எழும் புது ஸ்டேடியத்துக்குப் போய்விடுவார்கள்.

அதனால் இந்த மைதானத்தை இரண்டு கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது. டிக்கெட் வாங்கிப் போகிறவருக்கு இது எப்படி? நடுத்தர அளவிலான ஓர் ஊர் பெரிய லீக் அணியை வைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு இது சாட்சியாகுமா? முதல் கேள்விக்குத் தயங்காமல் நல்ல மதிப்பெண் தரலாம். இரண்டாவதற்கு இந்த மைதானத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது அந்த ஊருக்குச் செய்யும் அநியாயம் என்பதே எங்கள் கருத்து.

முதலில் உட்காரும் இடம். நிலையான இருக்கைகள் 10,624. வலப்புற வெளிமைதானத்தின் புல்மேட்டையும் நிற்கும் இடங்களையும் சேர்த்தால் கொள்ளளவு ஏறக்குறைய 14,000. பெரிய ஸ்டேடியங்களில் மூன்றாம் அடுக்கில் உட்கார்ந்தால் பந்து வீசும் பிட்சர் கட்டைவிரல் அளவுக்குத்தான் தெரிவார். இங்கே அப்படி ஓர் அடுக்கே கிடையாது. கடைசி வரிசையில் இருந்தும் பந்து எப்படி வளைகிறது என்பது தெரியும், மட்டையாளருக்குப் பின்னால் அதைப் பிடிக்கும் கேட்சரின் கையுறையில் அது விழும் சத்தமும் கேட்கும். வெளிமைதானத்துக்கு அப்பால் டவர் பிரிட்ஜின் பொன்னிறக் கோபுரங்களும் நகர மையத்தின் கட்டடங்களும் நிற்கின்றன. மேஜர் லீக் ஆட்டத்தை இவ்வளவு கிட்டத்தில் இருந்து பார்க்க வேறு ஊர்களில் முன்வரிசைக்குப் பெருந்தொகை கொடுக்க வேண்டும்.

புல்மேட்டு டிக்கெட்டுதான் பெரும்பாலும் மலிவு. துண்டோ ஜமுக்காளமோ கொண்டுபோங்கள். மேடு சரிவாக இருப்பதால் நாற்காலி மாதிரி முதுகைச் சாய்க்க முடியாது. முதியவர்களை அழைத்துப் போனால் இருக்கை எடுப்பதே நல்லது. கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு மேடுதான் வசதி. ஆனால் சிக்ஸர் போல எல்லைச் சுவரைத் தாண்டும் ஹோம் ரன் பந்து நேராக அங்கேதான் வந்து விழும், மட்டையாளர் பக்கம் ஒரு கண் இருக்கட்டும்.

அடுத்தது வெயில். இருக்கைகளில் பெரும்பாலானவற்றுக்கு மேல் கூரை இல்லை. ஜூலையில் பகல் வெப்பம் சராசரியாக 34 டிகிரி செல்சியஸைத் தொடும். 38ஐத் தாண்டும் நாட்களும் சாதாரணம். இரவு ஏழு மணி ஆட்டமென்றாலும் ஒன்பது இன்னிங்ஸில் முதல் மூன்று வெயிலில்தான் போகும். அதன் பிறகு தென்மேற்கில் உள்ள டெல்டா ஈரநிலப் பக்கத்திலிருந்து காற்று வரத் தொடங்கும். உள்ளூர்க்காரர்கள் அதை டெல்டா காற்று என்பார்கள். அது வரும் நாளில் ஆறாவது இன்னிங்ஸுக்குள் சட்டைக்கு மேல் இன்னொன்று போடத் தோன்றும். வராத நாளில் கான்கிரீட் இரவு பத்து மணிக்கும் சுடும். குடும்பத்தோடு முதல் தடவை போகிறவர்கள் ஏப்ரல், மே, செப்டம்பர் மாதங்களைத் தேர்ந்தெடுப்பது உத்தமம்.

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இருக்கிறவர்கள் கேபிடல் காரிடர் ரயிலில் வரலாம். சாக்ரமென்டோ நிலையத்தில் இறங்கி, பழைய நகரத்தின் ஓரமாக டவர் பிரிட்ஜைக் கடந்து நடந்தால் அரை மணிக்குள் மைதான வாசல். திரும்பும் வண்டியின் நேரத்தை மட்டும் கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். இரவு ஆட்டம் எத்தனை மணிக்கு முடியும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

பார்வையாளர் பக்கம் இவ்வளவுதான். ஆட்டக்காரர்கள் பக்கம் போனால்தான் இது எந்த அளவுக்குக் கட்டப்பட்ட இடம் என்பது புரியும்.

மேஜர் லீக் ஸ்டேடியம் எதை எடுத்துக்கொண்டாலும், ஆட்டத்தின்போது வீரர்கள் உட்காரும் இடமான டக்‌அவுட்டின் பின்னால் ஒரு கதவு இருக்கும். அதற்குள் சுரங்கப்பாதை, பாதையின் முடிவில் உடைமாற்றி ஓய்வெடுக்கும் கிளப்ஹவுஸ், பக்கத்திலேயே மட்டையாளர்கள் பந்தடித்துப் பழகும் வலைக்கூண்டு. எட்டாவது இன்னிங்ஸில் மாற்று மட்டையாளராக இறங்கப்போகிறவர் ஏழாவதிலேயே உள்ளே போய் இருபது பந்து அடித்து உடம்பைச் சூடாக்கிக்கொள்வார். பிட்சர் தன் அணி மட்டை பிடிக்கும் கால்மணி நேரம் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து எழுந்து வருவார். சட்டர் ஹெல்த் பார்க்கில் கிளப்ஹவுஸ் இடப்புற வெளிமைதானச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது. அத்லெடிக்ஸுக்காக அங்கே புதிதாக இரண்டு மாடிக் கட்டடமே எழுப்பினார்கள், உள்ளே வசதிகளுக்குக் குறைவில்லை. ஆனால் டக்‌அவுட்டில் இருந்து அங்கே போக மைதானத்தையே கடக்க வேண்டும். ஆட்டம் நடக்கும்போது அது முடியாத காரியம். ஆகவே 36 டிகிரி வெயிலில் ஆறு இன்னிங்ஸ் வீசும் பிட்சருக்கு டக்‌அவுட் பெஞ்சே கதி. அணியின் மூத்த பிட்சர் லூயிஸ் செவெரினோ 2025லேயே இந்தக் குறையை வெளிப்படையாகப் பேசினார். இது சுகவாசியின் முணுமுணுப்பு அல்ல. எந்த அணியில் சேரலாம் என்று யோசிக்கும் ஒரு நல்ல பிட்சர் கணக்கில் எடுத்துக்கொள்ளும் விஷயம்.

பந்தும் இங்கே அதிகம் பறக்கிறது. ஓக்லாந்து கொலீசியத்தில் கடற்காற்றின் குளிர்ச்சி இருந்தது. ஆடுகளத்தின் பக்க எல்லையான ஃபவுல் கோட்டுக்கு வெளியே மேஜர் லீகிலேயே பெரிய காலியிடமும் இருந்தது. மற்ற ஊர்களில் கூட்டத்துக்குள் விழும் உயரப் பந்து அங்கே கேட்ச் ஆகிவிடும். சாக்ரமென்டோவில் இரண்டுமே தலைகீழ். சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு, பந்துக்குத் தடை குறைவு. ஃபவுல் பகுதியும் குறுகல். 2025 மார்ச் 31 அன்று நடந்த முதல் ஆட்டத்திலேயே சிகாகோ கப்ஸ் 18-3 என்று புரட்டி எடுத்தது. கப்ஸின் கார்சன் கெல்லி ஒரே ஆட்டத்தில் சிங்கிள், டபுள், டிரிபிள், ஹோம் ரன் என்று ஒரு தளம் முதல் நான்கு தளம் வரை ஓடவைக்கும் அடிகள் நான்கையும் அடித்தார்.

தரையின் கதை தனி. முதலில் செயற்கைப் புல் போடத்தான் திட்டம். ஒரே மைதானத்தை இரண்டு அணிகள் பகிர்கின்றன: 2025இல் அத்லெடிக்ஸுக்கு 81 உள்ளூர் ஆட்டங்கள், ரிவர் கேட்ஸுக்கு 75. ஆக ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 156. இயற்கைப் புல்லுக்கு இது கடும் உழைப்பு. ஓர் அணி வெளியூர் போகும் வாரத்தில்தான் புல் வேரூன்றும், இறுகிய மண்ணை இளக்கிவிட முடியும். இங்கே ஓர் அணி கிளம்பினால் அடுத்தது வந்து நிற்கும். அப்படியிருந்தும் இயற்கைப் புல்லையே வைத்துக்கொண்டார்கள். காரணம் வெயில்தான். செயற்கைப் புல் காற்றின் வெப்பத்தைவிடப் பல டிகிரி கூடுதலாகக் கொதிக்கும், காலணிக்குள் பாதம் வெந்துவிடும். ஆட்டக்காரர்களின் சங்கமும் லீகும் சேர்ந்து எடுத்த இந்த முடிவு சரியானது.

இனி ஊர் தாங்குமா என்ற கேள்வி. பலர் நேரே கூட்டத்தின் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள். 2025இல் இங்கே ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்தாயிரம் பேர்கூட வரவில்லை. மேஜர் லீக் சராசரியோ சுமார் 29,000. 'பார்த்தீர்களா, ஊர் தேறாது' என்கிறார்கள்.

கணக்கைச் சரியாகப் போடுவோம். ஒவ்வொரு ஆட்டமும் நிரம்பி வழிந்தாலும் 81 ஆட்டங்களுக்கு ஏறக்குறைய 11.3 லட்சம் டிக்கெட்டுக்கு மேல் விற்க முடியாது. லீகில் ஒரு சராசரி அணி 24 லட்சத்தை ஒட்டி விற்கிறது. அதாவது கூரையே பாதி உயரத்தில் இருக்கும்போது ஆள் குட்டை என்று சொல்வது போல் இருக்கிறது இந்த வாதம். அதே 2025இல் டாம்பா பே ரேஸ் அணி, சூறாவளியில் தன் ஸ்டேடியத்தின் கூரை கிழிந்துபோனதால், சுமார் 11,000 பேர் அமரும் ஸ்டெயின்பிரென்னர் ஃபீல்டில் ஆடியது. அங்கும் சராசரி பத்தாயிரத்துக்குக் கீழேதான்.

இன்னொன்றும் உண்டு. அணி தன் பெயரில் சாக்ரமென்டோவைச் சேர்க்கவில்லை, வெறும் 'அத்லெடிக்ஸ்' என்றே ஆடுகிறது. 2025இல் சட்டைக் கையில் டவர் பிரிட்ஜ் படத்தோடு ஒரு சின்னம் மட்டும் தைத்திருந்தார்கள். லாஸ் வேகாஸுக்கும் அதே சட்டையில் ஒரு சின்னம். மூன்று வருடத்தில் காலிசெய்யப்போகிறவர் வாசலில் பெயர்ப்பலகைகூட மாட்டாமல் குடித்தனம் இருப்பது போன்றது இது. ஒரு தகப்பன் தன் பிள்ளைக்கு அந்தச் சட்டையை வாங்கித் தரும்போது, அவன் பள்ளி முடிப்பதற்குள் அணி போய்விடும் என்று தெரிந்தேதான் வாங்கித் தர வேண்டும். அப்படியும் பத்தாயிரத்தை ஒட்டி வருகிறார்கள் என்பதே எங்களுக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஊர் அளவு தடையா என்றால், எதிர்ச்சாட்சி அணி போகும் இடத்திலேயே இருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கில் சாக்ரமென்டோ பெருநகரப் பகுதியில் சுமார் 24 லட்சம் பேர். லாஸ் வேகாஸில் சுமார் 22.6 லட்சம். தொலைக்காட்சிச் சந்தை என்று பார்த்தாலும் சாக்ரமென்டோ அமெரிக்காவில் இருபதாம் இடத்தை ஒட்டி நிற்கிறது, லாஸ் வேகாஸ் வெகுவாகப் பின்னால். பிறகு ஏன் அங்கே? 2023 ஜூனில் நெவாடா மாநிலம் 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் தரச் சட்டம் இயற்றியது. டிராபிகானா ஹோட்டல் இருந்த இடத்தில் 9 ஏக்கர் கிடைத்தது. சுற்றுலாப் பயணிகள் இருக்கைகளை நிரப்புவார்கள் என்ற கணிப்பு இருந்தது. அந்த நவம்பரில் மற்ற உரிமையாளர்கள் ஒருமனதாக ஒப்புதல் தந்தார்கள்.

இதைவிடச் சிறிய ஊரும் உண்டு. மில்வாக்கி பெருநகரப் பகுதியில் 16 லட்சத்துக்கும் குறைவான மக்கள், மேஜர் லீகின் மிகச் சிறிய சந்தை. 2025இல் அங்கே விற்ற டிக்கெட் 26 லட்சத்துக்கு மேல். அந்த ஊருக்கும் அணி சும்மா வந்துவிடவில்லை. 1953இல் பாஸ்டனில் இருந்து வந்த பிரேவ்ஸ், 1965 பருவம் முடிந்ததும் அட்லாண்டாவுக்குப் போய்விட்டது. உள்ளூர்க் கார் வியாபாரி பட் செலிக் விடாமல் முயன்று, திவாலான சியாட்டில் பைலட்ஸை 1970இல் பருவம் தொடங்கச் சில நாட்களே இருக்கும்போது வாங்கி வந்தார். இன்றைய ஸ்டேடியத்துக்காக ஐந்து மாவட்டங்களில் 0.1 சதவீத விற்பனை வரி போட்டு, 2020 வரை வசூலித்தார்கள். மூடித் திறக்கும் கூரை இருப்பதால் ஏப்ரல் குளிரிலும் ஆட்டம் ரத்தாகாது. இருநூறு மைல் தள்ளி இருப்பவரும் நம்பிக் கிளம்பி வருகிறார். சாக்ரமென்டோ கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இங்கே இருக்கிறது. அங்கே குளிர், இங்கே வெயில். இரண்டுக்கும் கூரையே மருந்து, கூரைதான் செலவும்.

ஆக, ஓர் ஊர் அணி கேட்கும்போது லீக் பார்க்கும் வரிசை ஏறக்குறைய இப்படி: கட்டுப்பாட்டைக் கையில் வைத்திருக்கும் ஒரு பணக்கார உரிமையாளர், 30,000 பேர் அமரும் ஸ்டேடியத்துக்கு நிலம், அதற்கு எழுத்தில் உள்ள நிதி, தொலைக்காட்சி வருமானம், தன் வட்டாரத்தில் வேறு அணி வராமல் தடுக்கும் பக்கத்து அணியின் எல்லை உரிமை. கடைசியில் முப்பது உரிமையாளர்களில் முக்கால் பங்கு, அதாவது 23 வாக்கு. சால்ட் லேக் சிட்டியில் பணக்கார மில்லர் குடும்பம் முன்னால் நிற்கிறது. யூட்டா சட்டமன்றம் 2024இல் 90 கோடி டாலர் வரை உதவ வழிசெய்தது. போர்ட்லாந்துக்காக ஒரேகான் 80 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு 2025இல் சம்மதித்தது. அணி வருமா என்று தெரியாமலே அந்த இரு ஊர்களும் தாளில் எண்ணை எழுதிவிட்டன.

சாக்ரமென்டோவிடம் ஆள் இருக்கிறார். மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே, 2013இல் சியாட்டிலுக்குப் போகவிருந்த கிங்ஸ் கூடைப்பந்து அணியை வாங்கி ஊரிலேயே தக்கவைத்த குழுவின் தலைவர். ரிவர் கேட்ஸும் இந்த மைதானமும் இப்போது அவர் கையில். நகர மையத்தில் 2016இல் திறந்த கோல்டன் 1 சென்டர் அந்த ஒப்பந்தத்தின் பலன். ஆனால் பணக்காரர் ஒருவரை மட்டும் நம்பியதில் இந்த ஊர் ஏற்கெனவே சூடு கண்டிருக்கிறது. 2019இல் மேஜர் லீக் சாக்கர் அணி உறுதி என்று அறிவித்தார்கள். முக்கிய முதலீட்டாளர் 2021இல் விலகினார், அணியும் கைநழுவியது. பேஸ்பாலுக்கோ மேற்கே சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் வேறு இருக்கிறது. இந்த ஊரில் பலர் பரம்பரையாக அந்த அணியின் ரசிகர்கள்.

கடைசியாக லீக் புது அணிகளைச் சேர்த்து விரிந்தது 1998இல். அப்போது அரிசோனாவும் டாம்பா பேயும் ஆளுக்கு 13 கோடி டாலர் நுழைவுக் கட்டணம் கட்டின. இப்போது பேசப்படுவது 200 கோடிக்கு மேல். இன்னும் இரண்டு ஊர்களைத் தன் பதவிக்காலம் முடியும் 2029 ஜனவரிக்குள் தேர்ந்தெடுக்க விரும்புவதாக லீகின் ஆணையர் ராப் மான்ஃப்ரெட் சொல்லியிருக்கிறார். அத்லெடிக்ஸ் மூட்டை கட்டும் நேரமும் கிட்டத்தட்ட அதுதான். அதற்குள் சாக்ரமென்டோ நகரசபையும் சுற்றியுள்ள மாவட்டங்களும் ஸ்டேடியத்துக்கு ஒரு நிலத்தின் சர்வே எண்ணையும், எந்த வரியிலிருந்து எவ்வளவு என்ற தொகையையும் தாளில் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் இடப்புறச் சுவருக்குப் பின்னால் இருக்கும் அந்த இரண்டு மாடிக் கட்டடம் ரிவர் கேட்ஸ் பையன்கள் உடைமாற்றும் அறையாகத்தான் மிஞ்சும்.