செர்ரி பியர்: காஸ்டீல் ரூஜா, டெலிரியம் ரெட்டா?

இரண்டும் பெல்ஜியத்து பியர், இரண்டிலும் ஆல்கஹால் 8 சதவீதம். இனிப்பில் அது தெரியாது. சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் மளமளவென்று உள்ளே போய்விடும். ஒரு போத்தலை இருவர் பகிர்ந்தாலே போதும்.

ரூஜ், அடர்நிற பியரில் செர்ரி மதுவைக் கலந்தது. முதல் மிடறு இனிப்புதான், ஆனால் பின்னாலேயே கருகிய சர்க்கரையின் லேசான கசப்பு வந்து தாங்கிப் பிடிக்கிறது. கொஞ்சம் குளிர் தணிய விட்டு முகர்ந்து பாருங்கள். பாதாம் வாசனை எழும். செர்ரிக் கொட்டையின் குணம் அது.

ரெட்டின் இளஞ்சிவப்பு நுரை அழகு. குளிர் குறைந்தால் மட்டும் இருமல் மருந்து வாடை வந்துவிடுகிறது.

தேக்கா சந்தை மட்டன் மிளகு வறுவலுக்கு ரூஜ்தான் என் தேர்வு. அப்புறம், இரவு 10.30க்கு மேல் கடைகளில் விற்க மாட்டார்கள், முன்னாலேயே வாங்கிவிடுங்கள்.