பேபாலா, ஸ்க்ரில்லா? பிரிட்டனில் பந்தயக் கணக்குக்கு எது தோது

பேபால், ஸ்க்ரில் இரண்டும் இணையத்தில் பணம் வைத்துக் கட்டும் வாலட்டுகள். முதலில் இரண்டுக்கும் பொதுவான ஒன்று. 2020 ஏப்ரல் 14 முதல் பிரிட்டனில் கிரெடிட் கார்டு பணத்தில் சூதாட முடியாது; வாலட் வழியாகச் சுற்றி வந்தாலும் அதே தடைதான். டெபிட் கார்டையோ வங்கிக் கணக்கையோதான் இணைக்க வேண்டும்.

வித்தியாசம் போனஸில் தொடங்குகிறது. ‘ஸ்க்ரில், நெட்டெல்லர் வழியாகக் கட்டினால் வரவேற்புச் சலுகை இல்லை’ (நெட்டெல்லரும் ஒரு வாலட்தான்) என்ற வரி பல பந்தயத் தளங்களின் நிபந்தனைகளுக்குள் எங்கோ ஒளிந்திருக்கும். பேபாலை விலக்கும் தளங்களும் உண்டு. முதல் தொகையைக் கட்டும் முன்பே பார்த்துவிடுங்கள். பிறகு கேட்டுப் பயனில்லை.

கட்டணத்தில் பேபால்தான் மலிவு. பவுண்டில் கட்டத் தனிக் கட்டணமில்லை. வங்கிக்குச் சாதாரண வேகத்தில் எடுப்பதும் இலவசம். உடனே வேண்டுமென்றால்தான் கட்டணம். ஸ்க்ரில் பணம் ஏற்றும்போதும் எடுக்கும்போதும் கட்டணம் பிடிக்கலாம், நெடுநாள் தொடாமல் விட்டால் மாதாமாதம் மீதியைக் கொறிக்கும்.

செலவைக் கட்டுப்படுத்தவோ ஸ்க்ரில்தான் மேல். ஏற்றிய பணம் தீர்ந்தால் ஆட்டம் நிற்கும், ஒரே தட்டலில் கார்டிலிருந்து கட்டும் வசதியை இயக்காத வரை. பேபாலில் மீதி போதாவிட்டால் இணைத்த கணக்கிலிருந்து தானே இழுத்துக்கொள்ளும்.

ஜெயித்த பணம் சிக்குவது பெரும்பாலும் வாலட்டின் குற்றமல்ல. கட்டிய வழியிலேயே திருப்பித் தருவது தளங்களின் வழக்கம். பேபாலில் கட்டிவிட்டு ஸ்க்ரில்லில் கேட்டால் மறுப்பார்கள். வாலட்டில் ‘எஸ். குமார்’, தளத்தில் முழுப்பெயர் என்றிருந்தாலும் சரிபார்ப்பில் நிற்கும்.

தளம் பேபாலை ஏற்றால் அதையே எடுங்கள். இணையச் சூதாட்டத்திலிருந்து தம்மைத் தாமே விலக்கிக்கொள்ள உதவும் கேம்ஸ்டாப் (GAMSTOP) திட்டத்தில் பதிந்தவருக்கு இரண்டுமே வேண்டாம்.