ஓய்வுக்குப் பின் நேர்மையாக ஒரு தொழில்: இயற்கை அங்காடியா, மரச்செக்கா?

பணி ஓய்வுக்குப் பிறகு கலப்படமில்லாத பொருளை விற்றுப் பிழைக்க வேண்டும் என்று கடலூரில் யோசிப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் வருகிறார்கள். நான் அறுபதைத் தாண்டியபின் மரச்செக்கு போட்டேன். தொழில் நன்றாகவே நடக்கிறது, அதனால் என் சாய்வு அந்தப் பக்கம்தான். பண்ருட்டி பக்கத்திலேயே இருப்பதால் முந்திரியைச் சொன்னவர்களும் உண்டு. கொட்டை ஓட்டில் கசியும் எண்ணெய் பட்டு உடைக்கும் பெண்களின் கை வெந்திருப்பதைப் பார்த்தபின் எனக்கு அதில் மனம் போகவில்லை.

கடைக்கு அட்வான்ஸ், அலமாரி, சரக்கு. செக்குக்கு இயந்திரம், மோட்டார், கொஞ்சம் இடம். இரண்டிலும் நாள் முழுக்க ஆள் இருக்க வேண்டும். இதையெல்லாம் விசாரித்தாலே தெரிந்துவிடும். நான் பார்த்தது ஒன்றைத்தான்: விற்காத சரக்கு என்ன ஆகும்?

இந்த வயதில் போடுவது ஓய்வுப் பணம். போனால் மறுபடி சேர்க்க வருஷங்கள் இல்லை. இயற்கை அங்காடியில் பருப்பு, வரகு, தினை, கைக்குத்தல் அரிசி என்று பல பொருள் வைக்க வேண்டும். மருந்து போடாத தானியத்தில் வண்டு சீக்கிரம் வைக்கும். தவிடு நீக்காத அரிசி நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். நான் கடை நடத்தியதில்லை, நண்பர் கடையில் உட்கார்ந்து பார்த்ததுதான். மூட்டையை மாடியில் காய வைத்துப் புடைப்பதே அவருக்குப் பாதி வேலை. பெரிய சோதனை வேறு. விவசாயியிடம் சரக்கு தீர்ந்துவிட்டால் மண்டியில் வாங்கி அதே பெயரில் விற்கச் சொல்லும் மனசு. அவர் அதற்கு மசியவில்லை, அதனாலேயே அவருக்கு லாபம் குறைவு.

செக்கில் சரக்கு கெடும் தொல்லை குறைவு. விருத்தாசலம் பக்கத்து மல்லாட்டையை (நிலக்கடலையை) நன்றாகக் காயவைத்து ஓட்டோடு அடுக்கினால் மாதக்கணக்கில் கெடாது. விற்கிற அளவுக்குத்தான் உடைத்து ஆட்டுகிறோம். 2.5 கிலோ பருப்புக்குச் சுமார் 1 லிட்டர் எண்ணெய் வரும். மிச்சம் புண்ணாக்கு. ஆலைப் புண்ணாக்கைவிட இதில் எண்ணெய்ப் பசை கூடுதல் என்பதால் மாடு வைத்திருப்பவர்கள் தேடி வருகிறார்கள். "சார், இன்னைக்கு ஆட்டியாச்சா?" என்று எண்ணெய்க்கு முன்னால் புண்ணாக்கைத்தான் கேட்பார்கள். கரண்ட் பில்லும் கூலியும் பெரும்பாலும் அதிலேயே வந்துவிடுகிறது.

நேர்மை இங்கே பருப்பைப் பொறுக்குவதில் இருக்கிறது. பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். சுத்திகரிப்பு ஆலையில் அது பெருமளவு நீங்கிவிடும், செக்கில் நீங்காது. அதனால் கறுத்தது, சுருங்கியது, முளைப்பக்கம் பச்சை பூத்தது எல்லாவற்றையும் முறத்தில் போட்டுக் கையால் எடுக்கிறோம். எடுத்ததை மாட்டுக்கும் கொடுப்பதில்லை, அந்த நஞ்சு பாலில் இறங்கும். எண்ணெயை அளந்து உதிரியாக ஊற்றாமல், புட்டியில் அடைத்து லேபிள் ஒட்டி விற்கிறோம். உணவுப் பாதுகாப்பு விதியும் அதைத்தான் சொல்கிறது.

வயதை நினைத்துத் தயங்குபவர்களுக்கு ஒரு தகவல். சிறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்காக 2020-ல் ஒன்றிய அரசு தொடங்கிய பிஎம்எஃப்எம்இ (PMFME) திட்டம் வங்கிக் கடனோடு திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் என்று வகுக்கப்பட்டது. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், மேல் வரம்பு கிடையாது. இப்போதைய நிலையை வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடலை விலை ஏறும்போது செக்கிலும் கை கடிக்கும். எள்ளில் எனக்கு அனுபவம் குறைவு, அதனால் அதைப் பற்றிப் பேசவில்லை. புதுச்சேரிக் கணக்கும் வேறாக இருக்கலாம். ஆரோவில்லுக்கு வந்து போகிறவர்களால் அங்கே இயற்கைப் பொருளுக்கு வாங்க ஆள் கூடுதல். அங்கே கடைதான் வேண்டும் என்பவர்கள் தேன், பனை வெல்லம், சோப்பு போன்ற சீக்கிரம் கெடாத பொருளில் தொடங்கி, தானியத்தை வாடிக்கையாளர் முன்கூட்டிச் சொன்ன அளவுக்கு மட்டும் வரவழைக்கலாம்.